பிரிக்காத பொட்டலம்

ஜார்ஜியாவின் குட்டாய்சி விமான நிலையத்தில் அண்ணா என்னைக் கண்டும் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா பின்னால வாறாவோ?"

"இல்லையண்ணா. ஏத்த மாட்டம் எண்டிட்டாங்கள்."

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை முழுக்க என்னுடையது. ஜெர்மனியில் அகதியாக இருக்கும் அண்ணா யாழ்ப்பாணத்துக்கு வரமுடியாது. அவருடைய அகதிப் பயணப் புத்தகத்தோடு நான் வேலை செய்யும் ஷார்ஜாவுக்கும் வரமுடியாது. ஜார்ஜியாவுக்கு வரலாம். பெருநாள் லீவு விட்டால் எங்கள் ஒபிசில் பாதிப்பேர் அங்கேதான், விசாவே எடுக்காமல் போய் வருவார்கள். அம்மாவை விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு எடுத்து, அங்கிருந்து ஜார்ஜியாவுக்குக் கூட்டிப் போனால் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு தாயும் பிள்ளையும் சந்திப்பார்கள் என்று நினைத்தேன். அந்தச் சலுகை என்னைப்போல வேலை விசாக்காரருக்குத்தான் என்பதை அபுதாபி விமான நிலையத்தில்தான் அறிந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அண்ணா முதல்நாளே குட்டாய்சிக்குப் போய்விட்டார். வழியனுப்ப வந்த ரூம்காரியோடு அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

குட்டாய்சி ஒருகாலத்தில் அரசர்கள் இருந்து ஆண்ட தலைநகரமாம். ஆண்டால் எனக்கென்ன? அம்மாவின் முழங்காலை நினைத்து அண்ணா கீழ்த்தள அறையும் ஒரு சக்கர நாற்காலியும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அதில் என் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு, குன்றின் மேலிருந்த பழைய தேவாலயத்துக்கு ஏறினார். நான் பின்னால் போனேன்.

மேலே நின்று அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். பயணத்துக்குக் கட்டிய சேலையை அவர் இன்னும் மாற்றவில்லை.

"மெலிஞ்சு போனாய் தம்பி," என்று அண்ணாவைப் பார்த்து அழுதார். பிறகு என்னிடம், "பிள்ளை, நான் தந்த நல்லூர்த் திருநீறை அண்ணாவுக்குப் பூசிவிடு."

"இளையவள் நான் பூசுறதோ அம்மா?"

"என்ர கையெண்டு நினைச்சுப் பூசு."

அண்ணா திருநீற்றுப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "வேண்டாம். அடுத்தமுறை நீங்களே வந்து பூசுங்கோ அம்மா."

அடுத்தமுறைக்கு நான் விசா விசாரித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிய நாலாம் மாதம் அம்மா போய்ச் சேர்ந்தார். நான் எமர்ஜென்சி லீவில் பறந்தேன். அண்ணா செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தார்.

எல்லாம் முடிந்த பின்னேரம் அவர் எனக்குத் திரும்பக் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, இனி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கட்டோ?"