கூத்துக்காரருக்கு வைத்த வெற்றிலை

யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர்களில் கூத்து வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். பெரம்பலூரில் எங்கள் கூத்துக் கோஷ்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் திரௌபதி வேடம். மீசையை எடுத்துவிட்டு வேலையில்லாமல் சுற்றுவது எவ்வளவு கேவலம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயம் அரியலூரில் பெரிய மனிதர்கள் சேர்ந்து சங்கீத விழா நடத்தினார்கள். பந்தல், மைக், பட்டணத்து வித்வான்கள். கூட்டம் சேரும் இடத்தில் நமக்கும் ஏதாவது வாய்க்காதா என்று போய்ச் சேர்ந்தோம். விழாக் காரியதரிசி கடை கடையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் கோஷ்டித் தலைவர் வாத்தியாரிடமும் தட்டை நீட்டினார்.

"நாளைக்குச் சாயங்காலம் அவசியம் வந்துடணும். உங்க ஆளுங்களையும் கூட்டியாந்துடுங்க."

கூத்தில் வெற்றிலை வாங்கினால் ஆட ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வாத்தியார் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சபையிலயே கூப்பிட்டுட்டாங்கடா!" என்று எங்களைப் பிடித்து உலுக்கினார்.

சற்று நேரத்தில் விக்கிரமங்கலத்து நாட்டாமை எங்களைத் தேடி வந்தார். அங்கே ஆட வேண்டியவர்களுக்கு அம்மை போட்டிருந்ததாம். நாளைக்கே வர வேண்டும், விளக்கு அவர்கள் பொறுப்பு, நெல்லும் உண்டு என்றார். என் வயிறு உடனே சம்மதித்துவிட்டது. வாத்தியாரோ, "வேற வெத்தலை வாங்கிட்டேனுங்க" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். அவரையே கடித்துத் தின்றிருப்பேன், பசி அப்படி.

மறுநாள் முழு வேடத்தில் பந்தலின் பின்வாசலில் போய் நின்றோம். துரியோதனன் கிரீடத்தோடு வாத்தியாரைப் பார்த்ததும் காரியதரிசி பதறிப்போனார்.

"ஐயோ, பாக்கத்தானேங்க கூப்பிட்டேன்! வேஷத்தக் கலைச்சுட்டு வந்து உக்காருங்க."

வாத்தியார் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "வெத்தலைய வாங்கிட்டு ஆடாம போனா சாமிக்குத்தம்டா" என்று சொல்லி, சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பி ஆட ஆரம்பித்தார். பார்த்தவர்கள் இரண்டு சமையல்காரர்களும் சில நாய்களும். துச்சாதனன் துரத்த, நான் ரசம் கொதிக்கும் அடுப்பைச் சுற்றி ஓடினேன். மைக்கில் வந்த ஆலாபனை எங்கள் பாட்டை விழுங்கியது. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

துரியோதனன் தொடை தட்டி முடித்தபோது பந்தலுக்குள் பலத்த கைதட்டல் எழுந்தது. வித்வானுக்குத்தான். வாத்தியார் கிரீடத்தைப் பிடித்தபடி பந்தலைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

"கும்பிடுங்கடா" என்றார்.

கும்பிட்டோம்.