பேப்பரிலும் பெட்டியிலும் செத்தவள்

பெத்சாய்தா மிஷன் அநாதை இல்லத்தில் துணி துவைக்கும் ஏழு பெண்களும் செத்தவர்கள். ஏழு பேருக்கும் நகராட்சி முத்திரையோடு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தாய் உயிரோடு இருந்தால் மிஷனில் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் காலரா ஆண்டில், எங்கள் ஹைட்டித் தென்கரைத் தாய்மார்கள் பலர் பதிவாளரிடம் இரண்டு சாட்சிகளை அனுப்பி இறந்துபோனார்கள். பிறகு வேறு பெயரில் அதே மிஷனில் வேலைக்குச் சேர்ந்து, பெற்ற பிள்ளையின் உடுப்பைத் துவைத்தார்கள். பிள்ளைகளும் விவரமானவை. வெள்ளைக்காரர்கள் முன்னால் "அத்தை" என்றன. குழாயடியில் "அம்மா" என்றன.

இல்மென் மட்டும் ஒருபடி மேலே போனாள்.

பேருந்து நிற்கும் இடத்தில் வேர்க்கடலை மிட்டாய் விற்றவள். புருஷன் பஹாமாஸ் படகில் ஏறியவன் திரும்பவில்லை. புயல் கூரையைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது நாலு வயது மகள் லுத்மியாவும், எதையும் அரைகுறையாகச் செய்யாத குணமும்தான். மிஷன் மேலாளர் மதாம் எலியான் தெருத்தெருவாக வந்து விசாரிப்பாள் என்று கேள்விப்பட்டாள். சான்றிதழ் மட்டும் போதாது, ஊர் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். தச்சரிடம் பெட்டி வாங்கி, பாரத்துக்கு இரண்டு வாழைமரத் துண்டுகளை வைத்து ஆணியடித்து, அக்கா இவ்ரோஸிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போய் ஒளிந்துகொண்டாள். காலரா என்றதும் மூடியைத் திறக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆனால் பெட்டியைத் தூக்கும் நேரத்தில் பெண்கள் வழிமறித்தார்கள். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுச் சாகும் தாய், பிள்ளையைக் கூட்டிப்போகத் திரும்ப வருவாள் என்பது ஊர் நம்பிக்கை. வராமலிருக்க, பிள்ளையைப் பெட்டிக்கு மேலே மூன்று முறை கைமாற்ற வேண்டும். வேண்டாம் என்று இவ்ரோஸ் எப்படிச் சொல்வாள்? சொன்னால் குட்டு உடையும். லுத்மியா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் காதில் சொன்னார்கள்: "உங்கம்மா உள்ள இருக்கா. இனி அவ உன்னைத் தொட முடியாது."

மறுவாரம் மிஷன் லுத்மியாவைச் சேர்த்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, மரி-லூர்த் என்ற பெயரில் இல்மென் வேலை கேட்டு வந்தாள். மதாம் எலியான் அவள் முன்பல் இடைவெளியைப் பார்த்தாள்.

"வேலை தர்றேன். பல்லைக் காட்டாம துவை. உள்ள ஒரு பொண்ணுக்கும் இதே பல்லுதான்."

முதல் நாள் குழாயடியில் இல்மென் நிமிர்ந்தபோது, எதிரே லுத்மியா நின்றாள். இரண்டு விநாடி பார்த்தாள். நின்ற இடத்திலேயே உடுப்பை நனைத்துக்கொண்டு, அலறி ஓடினாள்.

அதன்பின் நாலு வருடம் பத்தடிக்குள் வரவில்லை. புதைத்த பிணத்தை மந்திரக்காரன் எழுப்பி வேலை வாங்குவான் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாலோடு தெரிந்த சங்கதி. எழுப்பிய பிணம் தலை நிமிராமல், வாய் திறக்காமல், நாள் முழுக்க வேலை செய்யும். இல்மென் அப்படித்தான் துவைத்தாள். மகளுக்காக அவள் ஜன்னலில் வைத்த மிட்டாய்கள் சாக்கடையில் கிடந்தன.

"நாங்க பேப்பர்ல செத்தோம்டி," என்றாள் அடுத்த கல்லில் துவைக்கும் தியெலா. "நீ பெட்டியிலயும் போய்ப் படுத்துட்ட. ரொம்ப சுத்தக்காரி!"

"வாயை மூடிட்டுப் பிழி."

"நான் பிழியறேன். என் பையன் நேத்துகூட வந்து என் மடியில படுத்தான்."

லுத்மியாவுக்கு எட்டு வயதானபோது ஒரு திங்கட்கிழமை செய்தி வந்தது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று அவளைத் தத்தெடுக்கிறது. வெள்ளிக்கிழமை மிஷன் தலைவர் பாஸ்டர் ஹோல்டன் முன்னால் கையெழுத்து, சனிக்கிழமை விமானம். இல்மென் ஈரக்கையோடு அலுவலகத்துக்குள் போனாள்.

"நான் உயிரோட இருக்கேன், மதாம்."

"ஃபைல்ல அப்படி இல்லையே."

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஏழு பேரையும் தெரியும். பாஸ்டருக்கு ஃபைல்தான் தெரியும்." மதாம் எலியான் விசிறிக்கொண்டாள். "சரி, நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. உன் பொண்ணு அவர் முன்னாடி நின்னு, 'இவதான் எங்கம்மா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். ஃபைலை நானே கிழிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தடிக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

செவ்வாயும் புதனும் இல்மென் மகளின் பின்னாலேயே அலைந்தாள். "பொறந்தப்ப உன் காதுக்குப் பின்னாடி மச்சம் இருந்துச்சு," என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினாள். லுத்மியா காதைப் பொத்திக்கொண்டாள்.

வியாழன் மதியம் அதிசயம் நடந்தது. லுத்மியா தானாக வந்தாள். கையில் தட்டு நிறையச் சோளக்களி, மேலே அவரைக் குழம்பு. பத்தடி ஐந்தானது, ஐந்து ஒன்றானது. தட்டைத் துவைகல்லில் வைத்தாள்.

"உனக்குத்தான். தின்னு."

பெண்கள் எல்லோரும் துவைப்பதை நிறுத்தினார்கள். தியெலாகூடக் கண்ணைத் துடைத்தாள். இல்மென் ஒரு பிடி வாயில் வைத்தாள். நாக்கு சுருண்டது. அத்தனையும் உப்பு.

அவளுக்குப் புரிந்தது. எழுப்பிய பிணத்தின் நாக்கில் உப்புப் பட்டால், தான் செத்தது அதற்கு நினைவுக்கு வரும். எழுந்து கல்லறைக்கே நடந்துவிடும். சனிக்கிழமை விமானம் ஏறுமுன் மகள் தன்னை அனுப்பிவைக்க வந்திருக்கிறாள்.

ஆனால் இல்மென் உயிரோடு இருப்பவள். தின்றுவிட்டு இங்கேயே இருந்தால் அதுவே சாட்சி. கடைசிக் கவளம்வரை வழித்துத் தின்றாள். கண்ணில் நீர் கொட்டியது. தட்டைக் கழுவி மகளிடம் நீட்டினாள்.

"பாத்தியா? நான் எங்கயும் போகல. நான் செத்தவ இல்ல, கண்ணு."

லுத்மியா நெடுநேரம் அவளைப் பார்த்தாள். முதல்முறையாக அந்த முகத்தில் பயம் இல்லை.

"ஆமா. நீ போகல," என்றாள்.

அன்று முழுக்க இல்மென் வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் ஹோல்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இல்மெனைக் காட்டி, தன் கரகரத்த கிரியோல் மொழியில் லுத்மியாவிடம் கேட்டார். "பயப்படாதம்மா. இந்தம்மா உன் அம்மாவா?"

லுத்மியா நேராக நின்றாள்.

"இல்ல பாஸ்டர். எங்கம்மா பெட்டியில இருக்கா. இவ எங்கம்மா பொணம்னு நினைச்சு நானும் பயந்துட்டேன். நேத்து உப்பு குடுத்துப் பாத்தேன். எங்கம்மாவா இருந்தா கல்லறைக்குப் போயிருப்பா. இவ போகல." மரியாதையாக இல்மென் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க அத்தை. நீங்க சும்மா துணி துவைக்கிறவங்கதான்."

பாஸ்டர் புன்னகையோடு பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். மதாம் எலியான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஜீப் கிளம்பியபோது லுத்மியா எல்லோருக்கும் கையசைத்தாள். இல்மெனுக்கும்தான்.

இல்மென் இன்னும் அங்கேதான் துவைக்கிறாள். போன மாதம் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வாசலுக்கு வந்து, பதிவாளரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சாக வேண்டும் என்று ரகசியமாக விசாரித்தாள்.

இல்மென் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"பேப்பரோட நிறுத்திக்கோ. பெட்டி வேண்டாம்."