எண்ணெய் தடவிய ரப்பர் வளையங்கள்

தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற ஆலையில், எனக்கு ஃபிட்டர் வேலை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பில் தோட்டத்து அடுப்புகளையும் விளக்குகளையும் பழுது பார்ப்பேன். அதற்கான உதிரி ரப்பர் வளையங்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். ஆயுத பூசையன்று சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சாமி விளக்கு எண்ணெயைப் பூசும்போது வளையங்களை மட்டும் ஒதுக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவி, குங்குமம் வைத்து மூடினேன்.

மறு ஆடியில் விடாத மழை. விறகெல்லாம் ஈரம். அம்மன் திருவிழாவுக்கு முதல்நாள், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுகிற பம்பு அடுப்பை ஆயா சாக்கில் பொதிந்து தூக்கி வந்தார்.

“எவ்வளவு அடிச்சாலும் காத்து நிக்க மாட்டேங்குதுண்ணே. ஆத்தாக்காரிங்க எல்லாம் மேல்மலையில கொழுந்து எடுக்குறாளுங்க. புள்ளைங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்கலியா?”

மண்ணெண்ணெய் ஊற்றுகிற மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

“இதுக்கா பயந்த? டின்னு நெறைய வச்சிருக்கேன்.”

டின்னைத் திறந்தேன். வளையங்கள் எண்ணெயில் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்புக் களியாகக் கிடந்தன. எடுத்தால் விரலோடு இழுபட்டன.

“பொட்டு மட்டும் நல்லா ஒட்டியிருக்கு,” என்றார் ஆயா. சிரிக்கவில்லை.

பாதையில் மண் சரிந்ததால், புதிதாக வாங்கி வர நானுஓயா கடைக்குப் பஸ்ஸும் இல்லை. பக்கத்தில், திருவிழாவுக்கு நான் துடைத்து வைத்த கோயில் காஸ் விளக்கு நின்றது; அதுவும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்பு அடிப்பதுதான். அம்மனுக்கு முன்னால் போகிற விளக்கு. அதன் மூடிக்கும் இதே அளவு வளையந்தான். கைகூப்பி, “தாயே, பொறுத்துக்க” என்று சொல்லிக் கழற்றினேன். அடுப்பு சீறிப் பிடித்தது.

சாயங்காலமே கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஆத்தா சாமான்ல கைய வச்சிட்டு எங்கிட்டயே வந்து நிக்கிறியா?” என்று சத்தம் போட்டவர், பிறகு கேட்டார். “புள்ளைங்க பால் குடிச்சிச்சா?”

“குடிச்சிச்சுங்க.”

“அப்ப போயி வெளக்குக்குப் பதிலா பந்தத்தக் கட்டு.”

மறுநாள் அம்மன் பந்த வெளிச்சத்தில் லயம் சுற்றினாள். ஒரு பந்தம் என் கையில். தூறலில் அது அணையும்போதெல்லாம் பக்கத்துப் பந்தத்தில் பிடித்து மறுபடி ஏற்றினேன்.

பாதை திறந்ததும் வாங்கி வந்த முதல் வளையம் அம்மன் விளக்குக்குப் போனது. மற்றவற்றுக்குப் பவுடர் தூவி, காகிதத்தில் சுற்றி, அடுப்புச் சூடு படாத இருட்டு மூலையில் வைத்தேன். அடுத்த ஆயுத பூசைக்கு மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். டின்னைத் திறக்காமல், மூடியின் மேல் மட்டும் பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.