குட்டைச் சுண்டுவிரல் வம்சம்

அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரில் மூன்று காணி நெல் போட்டுவந்த கோதண்டத்துக்கு அளவுகோல் என்றாலே இளக்காரம். "சாமி குடுத்த கை கீது, கோல் இன்னாத்துக்கு?" என்பார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து, கன்றுக்குட்டியின் உயரத்திலிருந்து கயிற்றின் நீளம்வரை சாண் போட்டே முடித்துவிடுவார்.

அந்தக் கையில்தான் சங்கதி. அவர் சுண்டுவிரல் மோதிரவிரலின் நடுக்கணுவோடு நின்றுவிடும். கட்டைவிரலும் குட்டை. செத்துப்போன அப்பா நாகப்பனுக்கும் அப்படித்தான். அக்கா பூங்காவனத்துக்கும் சித்தப்பா சின்னசாமிக்கும் அச்சில் வார்த்த மாதிரி அதே கை. வீடு முழுக்க ஒரே விரலாக இருந்ததால், தங்கள் விரல் குட்டை என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பொன்னம்மாளின் கையைப் பார்த்து, "ஐயோ, இவ்ளோ நீட்டு விரலா!" என்று பூங்காவனம் பரிதாபப்பட்டதோடு சரி.

1934-ல் கோதண்டம் மண்சுவர் எழுப்பிப் புது வீடு கட்டினார். கூரை போடுமுன் கதவுக்குச் சொல்லிவைக்கப் பூந்தமல்லித் தச்சர் அப்துல் ஜப்பாரிடம் போனார்.

"நானே வந்து அளவு எடுத்துக்கிறேன், அண்ணாத்தே."

"நீ எதுக்கு பாய் வெயில்ல அலையணும்? நான் அளந்துகினு வந்துட்டேன். உயரம் எட்டு சாண், அகலம் நாலு. ஒரு நூல் தப்பாது."

பதினைந்தாம் நாள் நிலையும் கதவும் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. சுவரில் விட்டிருந்த திறப்புக்குள் நிலை நுழையவே மாட்டேன் என்றது.

"இன்னா பாய், ஊட்டுக்குக் கதவு கேட்டா கோயிலுக்குச் செஞ்சிகினு வந்துகீறே?"

ஜப்பார் நிலையைச் சாண் போட்டார். சரியாக எட்டு. கோதண்டம் போட்டார். ஒன்பதரை. உடனே சாட்சிக்கு ஆள் வந்தது. பூங்காவனம் அளந்தாள், ஒன்பதரை. சின்னசாமி அளந்தார், ஒன்பதரை.

"மூணு பேரும் பொய்யா சொல்றோம்?" என்று கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தினார். கூடியிருந்தவர்கள் ஜப்பாரை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். பாவம், மனுஷனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

மண் குழைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே அளந்தாள். எட்டு.

"உனக்குத்தான் விரல் நீட்டாச்சே" என்றாள் பூங்காவனம்.

"எனக்கு மட்டுமா, அண்ணி?" பொன்னம்மாள் வேடிக்கை பார்த்தவர்களைக் கூப்பிட்டாள். ஆறு பேர் அளந்தார்கள். ஆறு பேருக்கும் எட்டுதான். பிறகு அவள் புருஷனின் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையோடு ஒட்டவைத்தாள். ஊர் நடுவில் பெண்டாட்டி கையைப் பிடித்ததில் கோதண்டத்துக்கு முகம் சிவந்தது. அவள் சுண்டுவிரல் அவருடையதைத் தாண்டி ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, சிவந்த முகம் சுருங்கியது. முப்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்த கையை, யாரோ அசலூர்க்காரன் கையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுத்துக் குறைச்சிடட்டுமா?" என்றார் ஜப்பார், குரலைத் தாழ்த்தி.

"நல்ல மரத்தை எதுக்கு அறுக்கணும்? சுவரை ஏத்திக்கலாம்" என்றாள் பொன்னம்மாள்.

நாலு பக்கமும் மண் வைத்து ஏற்ற இருபது நாள் ஆனது. அந்தத் தெருவிலேயே குனியாமல் நுழையக்கூடிய வீடு அது ஒன்றுதான் என்றாகிவிட்டது. "காத்து வரணும்னுதான் அப்படிக் கட்டினேன்" என்று வருகிறவர்களிடம் கோதண்டம் சொல்லிக்கொள்வார். ஜப்பார் எதிரில் இருந்தால் மட்டும் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார்.

மறுவருஷம் பெண் குழந்தை பிறந்தது. கோதண்டம் மூடிய குட்டிக் கையை மெல்லப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க?" என்றாள் பொன்னம்மாள்.

"ஒண்ணுமில்ல."

பின்னால் நின்ற பூங்காவனத்துக்கு அவ்வளவு அடக்கம் கிடையாது. "அப்படியே எங்க கை!" என்று கத்திக்கொண்டு, சர்க்கரைக் கிண்ணத்தோடு தெருவுக்கு ஓடினாள். அந்தக் கூச்சலில் குழந்தை வீறிட்டது, ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

"தொண்டையும் உங்க ஊட்டுதுதான்" என்றாள் பொன்னம்மாள்.