கிராணி மாட்டிய பின் அச்சு

மலாயாவின் அவசரகாலத்தில், ஊரடங்கு நேரத்தில் எங்கள் லூபோக் சீனா ரப்பர் தோட்டத்து முள்வேலியைத் தாண்ட, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் காருக்கு மட்டுமே பாஸ். எனக்குப் பிரசவ வலி கண்ட அந்தியில், ஆஸ்பத்திரிக்குப் போக அக்கம்பக்கத்துப் பெண்கள் அதில்தான் ஏற்றினார்கள்.

முன்சக்கரம் மட்டுமே இழுக்கும் அந்தக் காருக்குப் பழைய ஜீப்பின் பின் அச்சைத் தானே மாட்டி, இனி நாலு சக்கரமும் இழுக்கும் என்று பீற்றிக்கொண்டிருந்தார் கிராணி. அன்றுதான் முதல் ஓட்டம். மகாமேதை அச்சைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார். முன்சக்கரங்கள் முன்னால் இழுக்க, பின்சக்கரங்கள் பின்னால் இழுத்தன. கார் நின்ற இடத்திலேயே உறுமியது.

"கொஞ்சம் பொறுத்துக்க புள்ள, இப்ப பறக்கும்லா!" என்றார் கிராணி.

மகன் பின்சீட்டிலேயே பிறந்தான். எட்டிப் பார்த்த கிராணி, "சீட்டெல்லாம் நாசமாப் போச்சே" என்றார்.

அதுவரை அவரைக் கண்டால் 'ஐயா' என்று ஒதுங்கி நின்றவள் நான். பெண்கள் என்னைக் கைத்தாங்கலாக இறக்கியபோது கதவை மறித்து நின்றவரிடம் சொன்னேன்:

"யோவ், தள்ளி நில்லு."