மாமனாருக்கு வைத்த பிடிச் சோறு

இங்கே சோறு வேலியைத் தாண்டக் கூடாது. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் வாயிலைக் கடக்கிறார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக் கூடாதாம். வீட்டுக்கும் அரிசியை அளந்துதான் தருகிறார்கள். மலாயாவில் பெடாஸ் பக்கத்து இந்தத் தோட்டத்துக்கு, கணக்கெழுதும் கிராணியின் மனைவியாக வந்த எனக்கு, கைக்குழந்தைக்குப் பால் வற்றிவிடுமோ என்பதே ஓயாத பயம்.

ஊரில் அமாவாசையன்று மாமனாருக்கென்று ஒரு பிடி வைத்து, அதைக் காக்கை எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். இங்கே காக்கைகள் வீட்டருகே வருவதில்லை. அதனால் முள்கம்பி வேலியின் இடையே கைநீட்டி, இலையில் சோற்றை வெளியே வைத்தேன். மலாய்க் காவலர் பார்த்துவிட்டார். யாருக்கு என்றார். கணவரின் அப்பாவுக்கு, அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த மலாயில் சொன்னேன். செத்தவர் வந்து சாப்பிடுவாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காட்டில் இருக்கும் யாரையோ மறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்தார் போலும், அவர் முகம் மாறிவிட்டது. கணவரைக் கூட்டிவந்து வாயிலருகே நிறுத்தினார்கள். இப்படி நிறுத்தப்பட்டு லாரியில் ஏறிய சிலர் இன்னும் திரும்பவில்லை. குழந்தையை அணைத்தபடி வாயிலுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு முனியம்மா, பால்மரம் வெட்டுகிறவர், அது பறவை எடுக்க வைத்த சோறு என்று காவலரிடம் சொல்லிக் காத்திருக்க வைத்தார். எல்லோரும் இலையையே பார்த்தபடி நின்றோம். கடைசியில் இரண்டு மைனாக்கள் வந்து கொத்தின. கணவரை விட்டுவிட்டார்கள். ஆனால் பறவைக்குப் போட மிச்சமிருந்தால் அளவு அதிகம்தான் என்று, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதற்கும் அரிசியைக் குறைத்துவிட்டார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

“கிராணியம்மா, அடுத்த வாட்டி ஒங்க மாமனாருக்கும் சேத்து அரிசி கேளுங்கலா. எங்க வூட்டுச் செத்தவங்களும் வரிசையில நிக்கிறாங்க,” என்றார் முனியம்மா. சிரிக்கவில்லை. பிறகு அவித்த மரவள்ளியைக் கையில் வைத்தார். “தின்னுங்க. ஜப்பான்காரன் காலத்துல இதத் தின்னுதான் எம்புள்ளைக்குப் பால் குடுத்தேன்.”

எங்கள் வீட்டில் சோறு உண்ணாதவர் இன்னும் சாப்பிடாதவர்தான். இதே மண்ணில் கிழங்கும் கீரையும் தின்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது மண்ணின் கையில் மட்டும் இல்லை போலும். எதைச் சாப்பாடு என்கிறோம், யாருக்கெல்லாம் பங்கு வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. அப்படியென்றால் யாருடைய பங்கை நிறுத்துவது? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அடுத்த அமாவாசைக்கு முற்றத்திலேயே மரவள்ளி வைத்தேன். காக்கையைக் கூப்பிட வாயெடுத்தேன். காவலர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். உள்ளே குழந்தை பசித்து அழுதது. கூப்பிடாமலேயே சாப்பிட உட்கார்ந்தேன். முதல் துண்டை எடுத்த கை, மாமனார் இன்னும் சாப்பிடவில்லையே என்று, வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றுவிட்டது.