விடுபட்ட முப்பத்தைந்து பேர்

1978 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவை யாரோ ஓங்கித் தட்டினார்கள். மெட்டில்டா எழுந்து போய்த் திறந்தாள். லேத் பிரிவு சம்பந்தம் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், படப்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கையில் கசங்கிய மெமோ.

"இன்னாம்மா இது? மூணு நாளா லேத்துல நின்னுகினு கீறேன். உங்க மிஷினு நான் வேலைக்கே வர்லன்னு சொல்லுதாமே. சஸ்பெண்டு பண்ணிட்டானுங்க."

"கேட்ல அட்டையைச் சரியா செருகினீங்களாண்ணா?"

"செருகாம? பச்சை லைட்டு எரிஞ்சுது. பார்த்துட்டுத்தான் உள்ள போனேன். எரியாததை எரிஞ்சுதுன்னு சொல்ல எனக்கு இன்னா பைத்தியமா?"

அவர் எண்ணை அவள் குறித்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தும் வருகை பதிவாகாததன் காரணம் அவளுக்குத் தெரியும். ஐந்து மாதங்களாகத் தெரியும்.

மெட்டில்டாவின் அப்பா வில்பிரட் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவளும் கணக்கில் பட்டம் பெற்று, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்திலிருந்த அந்தத் தொழிற்சாலையில், கம்ப்யூட்டருக்கான விவரங்களை அட்டையில் துளைகளாகப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருஷம் விசை தட்டினாள். பயிற்சிக்கு ஆண்களைத்தான் அனுப்பினார்கள். அவளோ கையேடுகளை இரவல் வாங்கி, இரும்புலியூர் வீட்டில் உட்கார்ந்து தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். புது கம்ப்யூட்டர் வந்ததும், அதற்கென்று எடுத்த ஆள் ஒரே மாதத்தில் ஓடிப்போனதால், வாசல் வருகைப் பதிவு அவள் தலையில் விழுந்தது.

வாசலில் இரண்டு பெட்டிகள். தொழிலாளி அட்டையைச் செருகினால் அவர் எண் கம்பி வழியே உள்ளே வரும். புரோகிராம் அந்த எண்ணைப் பெயர்ப் பட்டியலில் தேடி, டிஸ்க்கில் எழுதும். எழுதி முடிக்கும்வரை அது வேறு எதையும் கேட்காது. அந்த நேரத்தில் வந்த எண்ணைப் பிடித்துவைக்க இடமில்லை. வந்தது வந்தபடி தொலையும். ஆனால் அட்டை உள்ளே போனாலே பச்சை விளக்கு எரிந்துவிடும்.

வரும் எண்களைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க நினைவகத்தில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று மார்ச் மாதமே மேனேஜர் ஸ்ரீநிவாசராகவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். 'தேவையில்லை. மனிதர்களைவிட மிஷின் வேகமானது' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த இடம் முதலாளிக்குத் தினமும் போகும் அறிக்கைக்குப் போயிற்று. அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். அதுவரை வருகையைக் கையால் குறிக்கும் டைம் கீப்பரின் நோட்டும் இருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. ஆகஸ்டு முதல் தேதி நோட்டை நிறுத்தினார்கள்.

சம்பந்தம் வந்து போன மறுநாள் ஏழு மணிக்கே வாசலில் போய் நின்றாள். காவலாளி ஏகநாதன் ஒவ்வொருவரின் எண்ணையும் உரக்கச் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய கூட்டமும் படப்பை பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கின. இருபது நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கம்ப்யூட்டரில் இருந்தது நூற்று எழுபத்தேழு.

வெள்ளிக்கிழமை சம்பந்தத்தின்மேல் விசாரணை. ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் முன்னால் ஸ்ரீநிவாசராகவன் ஒரு டைப் அடித்த காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கம்ப்யூட்டர் பதிவில் பிழையே இல்லை என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போடும்மா."

"போட மாட்டேன் சார்."

"நீ எழுதின புரோகிராம். தப்புன்னு நீயே சொன்னா உன்னை யார் வெச்சுப்பா?"

"தப்புதான் சார். மார்ச்லயே சொன்னேன். நீங்க எழுதின பதிலும் இருக்கு." மார்ச் மாதக் காகிதத்தையும் தன் நோட்டையும் மேஜைமேல் போட்டாள். "முப்பத்தஞ்சு பேர், ஒரே காலையில. எல்லா நம்பரும் இதுல இருக்கு."

"உணர்ச்சிவசப்படாதே."

"ஒரு மனுஷன் நம்ம வாசல் வழியா நடந்து உள்ள வந்திருக்கார். வரலைன்னு நாம எழுதிவெச்சிருக்கோம். இதுக்குக் கோபப்படாம வேற எதுக்கு சார் கோபப்படணும்?"

பெர்சனல் ஆபீசர் நோட்டைப் புரட்டினார். சாயந்திரம் சம்பந்தத்தின் சஸ்பென்ஷன் ரத்தானது. 'நிர்வாகக் காரணங்களால்' என்று போட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. அதைப் படித்தபோது அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நினைவக இடம் கிடைத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாள். எண் வந்த உடனே வரிசையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கப் போக வேண்டும். டிஸ்க் ஓய்ந்ததும் முதலில் வந்தவர் முதலாக எழுத வேண்டும். முதல் முயற்சியில் கடைசியில் வந்தவர் முதலில் பதிவானார். தன்னையே திட்டிக்கொண்டு திருத்தினாள். எண் வரிசையில் சேர்ந்த பிறகே விளக்கு எரியும்படி எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றினாள். அதன் பிறகு ஏகநாதனோடு நின்று மூன்று காலை எண்ணிப் பார்த்தாள். ஒரு எண்கூட விடுபடவில்லை.

ஆனால் முப்பத்தைந்து பேரில் ஒருவன் பெயர் வேலையாட்கள் பட்டியலிலேயே இல்லை. பெயின்ட் பிரிவு கிட்டு. வராதவன் என்று மெமோ வந்ததும், "நான் பொய் சொல்றேனா?" என்று ஃபோர்மேனிடம் கத்திவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தான். அவள் விலாசம் வாங்கிக்கொண்டு பொழிச்சலூருக்குப் போனாள். தப்பு மிஷின்மேல்தான் என்று அவள் சொன்னதும், அவன் வாசற்படியிலேயே நின்று கேட்டான்.

"நான் வந்தேன்னு நான் சொன்னப்போ ஒருத்தரும் நம்பல. இப்போ மிஷினு தப்புன்னு உங்க நோட்டு சொல்லுது, அதனால நம்புறீங்க. அப்படித்தானே மேடம்?"

"திரும்ப எடுத்துக்கச் சொல்லி நான் எழுதித் தரேன்."

"வேணாம். அந்த வாசல்ல இனி என் காலு படாது."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பம்மல்வரை விறுவிறுவென்று நடந்தே போனாள்.

அக்டோபரில், தேக்கிவைக்கும் முறையைத் தான் கண்டுபிடித்ததாக ஸ்ரீநிவாசராகவன் ஒரு கூட்டத்தில் பேசினார். அதே வாரம் அவளை மறுபடி துளை போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் முப்பத்தைந்து எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் அடித்து, நேராக முதலாளியின் மேஜைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.